அனுப்பி வைக்கும் பாட்டு

கல்லூரியிலிருந்து தமிழ்த்துறை ரேணுகாதேவி மேடம் வந்தபோது காசிராஜன் பருத்திக்கொட்டை மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தார். அருப்புக்கோட்டையில் திருச்சுழி ரோட்டில் அவருக்கு மாட்டுத்தீவனக் கடை. கடைக்குப் பின்னாலேயே வீடு, வீட்டு வாசல் பின்பக்க ரோட்டில். மகன் இறந்த பிறகு அந்தக் கல்லூரியிலிருந்து யார் வந்தாலும் அவருக்குக் கை வேலை ஓடாது. கோணியைப் பிடித்தபடியே நின்றார்.

"வர்ற வெள்ளிக்கிழமை ஆண்டு விழா சார். பிள்ளைங்க 'பூவேந்திரன் விலாசம்' போடுறாங்க. காலேஜ் திறந்ததுமே ஒத்திகை ஆரம்பிச்சது. முகேஷ்தான் பூவேந்திரனா நடிக்கிறதா இருந்துச்சு. அவன் போனதும் நிறுத்திரலாம்னு நினைச்சோம். பிள்ளைங்கதான் அவன் நினைவா போடணும்னு நின்னாங்க. நீங்களும் அம்மாவும் வந்து முன்னால உக்காரணும்."

"வீட்ல கேட்டுச் சொல்றேன்" என்றார் காசிராஜன். வீட்டில் சொல்லப் போவதில்லை என்று மனதுக்குள் முடிவு செய்துகொண்டார்.

முகேஷ் பி.காம். கடைசி வருஷம். ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பரளச்சிப் பக்கம் கைவிட்டுக் கிடந்த ஒரு கல்குவாரியில் குளிக்கப் போனவன் தண்ணீரிலிருந்து ஏறவில்லை. கூட இருந்தது ஒரே ஒருத்தன்தான். உதயகுமார், பரளச்சிக்காரன், ஒரே வகுப்பு. வருஷக்கணக்காக இந்த வீட்டில் சாப்பிட்டு, இந்த வீட்டில் தூங்கி எழுந்தவன். காரியத்தன்று கூட்டத்துக்கு நடுவில் நின்ற அவனைப் பார்த்து, "இனி இந்த வாசப்படியை மிதிச்சே, என்ன நடக்கும்னு எனக்கே தெரியாது" என்று காசிராஜன் கத்தினார். அவன் தலையைக் குனிந்துகொண்டு போனான். அதன் பிறகு வரவில்லை. அன்று குவாரியில் என்ன நடந்தது என்று அவரும் கேட்கவில்லை, அவர் மனைவி கனகலட்சுமியும் கேட்கவில்லை. போலீஸ் கேட்டு எழுதிக்கொண்டதோடு சரி.

கனகலட்சுமி அழவும் இல்லை. அதுதான் அவரைப் பயமுறுத்தியது. சமைத்தாள், துவைத்தாள், கோலம் போட்டாள், கேட்டால் பதில் சொன்னாள். பொழுது சாயும் நேரத்தில் மட்டும் என்ன வேலையில் இருந்தாலும் அப்படியே நின்று விடுவாள். கல்லூரி பஸ் வருகிற நேரம் அது. பஸ் தாண்டிப் போன பிறகு விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடருவாள்.

மேடம் போன பிறகு காசிராஜன் திரும்பியபோது, கடைக்கும் வீட்டுக்கும் நடுவிலிருந்த கதவருகே அவள் நின்றிருந்தாள்.

"வெள்ளிக்கிழமை எத்தன மணிக்காம்?"

"கனகு, அது வேணாம்."

"எத்தன மணிக்குன்னு கேட்டேன்."

பூவேந்திரன் விலாசம் அந்த வட்டாரத்துக்குப் பழைய இசை நாடகம். கதை சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சண்டைக்குப் புறப்படும் இளவரசன், பொழுது சாய்வதற்குள் திரும்பி வந்து உன் கையால் சாப்பிடுவேன் என்று தாய்க்கு வாக்குக் கொடுக்கிறான். களத்தில் செத்துப்போகிறான். செத்த பிறகும் வாக்குத் தவறாமல் வாசலில் வந்து நின்று கதவைத் திறக்கச் சொல்லிப் பாடுகிறான். தாய் திறக்கிறாள், இலை போடுகிறாள், அவன் சோற்றைத் தொடாமல் இருப்பதைப் பார்த்துத்தான் விஷயத்தை உணர்கிறாள். முடிவில் அவளே ஒரு பாட்டுப் பாடி மகனை அனுப்பி வைக்க வேண்டும். அந்தப் பாட்டைப் பாடாமல் எந்தக் குழுவும் திரையை இறக்காது. பாதியில் மழை வந்து ஆட்டம் கலைந்தாலும், ராணி வேஷக்காரர் நனைந்துகொண்டே நின்று அந்தப் பாட்டை மட்டும் பாடி முடித்துவிட்டுத்தான் இறங்குவார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கனகலட்சுமி கத்தரிப்பூ நிறப் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்தாள். மோட்டார் சைக்கிளில் போகும் வழியெல்லாம் மாசி மாதக் காற்று புழுதியை வாரி முகத்தில் அடித்தது. இருபுறமும் அறுத்து முடித்த கரிசல் வெடித்துக் கிடந்தது.

கல்லூரித் திடலில் மேடை போட்டிருந்தார்கள். நீல நாற்காலிகள், சீரியல் பல்பு, மைக் சோதனையின் கூச்சல். மேடை ஓரத்தில் ஒரு மரச்சட்டத்தில் முகேஷின் படம், மாலையோடு. காசிராஜன் அந்தப் பக்கம் பார்க்காமல் போய் உட்கார்ந்தார். கனகலட்சுமி நின்று படத்தைப் பார்த்தாள். மாலை கோணலாக இருந்ததை நேராக்கிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

பேச்சுகள், பரிசுகள் முடிந்து நாடகம் ஆரம்பித்தபோது வெயில் தணிந்து வானம் செம்மண் நிறத்தில் இருந்தது. ஆர்மோனியத்துக்கும் மிருதங்கத்துக்கும் மட்டும் வெளியிலிருந்து ஆட்களைக் கூப்பிட்டிருந்தார்கள். மற்றதெல்லாம் மாணவர்கள். முதலில் வந்த மந்திரிக்கு ஒட்டுத்தாடி ஒரு பக்கம் பிய்ந்து தொங்கியது. அவன் அதைக் கையால் பிடித்துக்கொண்டே வசனம் பேச, திடல் முழுக்கச் சிரித்தது. ஒரு படைவீரனின் அட்டைக்கத்தி மடங்கிக்கொண்டது. பின்னால் பையன்கள் விசில் அடித்தார்கள். ராணியாக வந்த பெண் பேர் கஸ்தூரி என்று பக்கத்தில் யாரோ சொன்னார்கள். தலையில் வெள்ளைச் சாயம் பூசியிருந்தாள். முகம் மட்டும் பத்தொன்பது வயதைக் காட்டிக்கொடுத்தது. காசிராஜன் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். இது பிள்ளைகள் விளையாட்டு, வந்தது நல்லதுதான், எட்டு மணிக்குள் வீட்டுக்குப் போய்விடலாம் என்று நினைத்தார்.

பழைய நாடகங்களில் நாயகன் உடனே மேடைக்கு வருவதில்லை. திரைக்குப் பின்னால் நின்று ஒரு பாட்டுப் பாடிக்கொண்டே வருவான். ஆர்மோனியம் சுதியைப் பிடித்து நீட்டியது. திரைக்குள்ளிருந்து குரல் எழுந்தது.

கனகலட்சுமியின் கை அவர் மணிக்கட்டைப் பிடித்தது. வளையல் சதையில் பதிந்தது.

"முகேசு" என்றாள்.

"வேற யாரோ பையன்."

"எனக்குத் தெரியாதா?"

அவரால் மறுக்க முடியவில்லை. மகன் பாடி அவர் கேட்டதே இல்லை. பாடுவான் என்பது தெரியும். காலையில் குளிக்கும்போதும் மொட்டைமாடியிலும் அவன் பாடுவதாக மனைவி சொல்லியிருக்கிறாள். அந்த நேரமெல்லாம் அவர் கடையில் இருப்பார். நாடகத்தன்று மொத்தமாகக் கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்தார். இப்போது கேட்பது அவன் குரல் இல்லை என்று எதை வைத்துச் சொல்வார்?

குரல் மேலே போவதற்கு முன் லேசாகக் கம்மி, பிறகு திறந்தது. ஒரு சொல்லை முடிக்காமல் இழுத்து அடுத்த சொல்லோடு கட்டியது. கனகலட்சுமி ஒவ்வொன்றுக்கும் தலையசைத்துக்கொண்டிருந்தாள், தெரிந்த பாதையில் நடப்பவள் போல.

திரை விலகியது. கிரீடம், ஜிகினா அங்கி, ரோஸ் பவுடர் அப்பிய முகம். அவன் ஒற்றைக் காலில் பாரத்தைப் போட்டு இடுப்பை ஒடித்து நின்றான். தராசுக்குப் பக்கத்தில் முகேஷ் நிற்பது அப்படித்தான். 'நேரா நில்லுலே' என்று எத்தனை தடவை சொல்லியிருப்பார். வசனம் பேசும் முன் அவன் இடது காது மடலைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவினான். முகேஷ் பொய் சொல்வதற்கு முன்பும், பயப்படும்போதும், அப்பாவிடம் ஏதாவது கேட்க வரும்போதும் செய்வது. மேடையில் இருந்தவன் தோள் அகலம் வேறு, உயரம் வேறு. ஆனால் அந்த உடம்புக்குள் ஆள் அவன்தான்.

இளவரசன் திரும்பி வெளிச்சத்துக்கு நேராக வந்தபோதுதான் பவுடருக்கு அடியில் இருந்த முகத்தைக் காசிராஜன் அடையாளம் கண்டார். உதயகுமார்.

"எந்திரி, போவோம்" என்றார்.

"எங்க?"

"அது யாருன்னு தெரியுதா உனக்கு? அந்தப் பய. கூட்டிட்டுப் போனவன்."

"தெரியுது" என்றாள் அவள், மேடையிலிருந்து கண்ணை எடுக்காமல். "சும்மா இருங்க. அவன் பாடுறான்."

காசிராஜன் எழுந்திருக்கவில்லை. எழுந்து நடந்தால் அவள் வரமாட்டாள் என்று தெரிந்தது. அவளைத் தனியாக விட்டுப் போகவும் பயமாக இருந்தது.

சண்டைக் காட்சியில் மிருதங்கம் அதிர்ந்தது. அட்டைக்கத்திகள் மோதின. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. இளவரசன் விழுந்தான். விளக்கை அணைத்தார்கள். மறுபடியும் விளக்கு வந்தபோது மேடையில் ஒட்டுப்பலகையில் செய்த ஒரு கதவு நின்றது. அதற்கு உள்பக்கம் ராணி குத்துவிளக்கின் அருகே உட்கார்ந்திருந்தாள். வெளிப்பக்கம் உதயகுமார், கிரீடம் இல்லாமல், அங்கி இல்லாமல், ஒரு வெள்ளை வேட்டியோடு வந்து நின்றான். ஆர்மோனியம் ஒரே ஒரு சுரத்தை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தது.

"வாசல் திறவாயோ தாயே – உன்
வயிறு குளிர வந்தேன் நானே
களத்து மண்ணு காலில் இருக்கு – அதைக்
கழுவச் செம்பில் தண்ணி தாயே"

ராணி உடனே திறக்கக்கூடாது. மூன்று அடிகளுக்கு அவள் சந்தேகப்பட்டுப் பாட வேண்டும். கஸ்தூரி எழுந்து கதவருகே வந்து, காதை வைத்து, முதல் அடியை எடுத்தாள்.

"கதவத் தொறடி!"

முன்வரிசையிலிருந்து வந்தது அந்தச் சத்தம். கனகலட்சுமி எழுந்து நின்றிருந்தாள். அதட்டலாகச் சொல்லவில்லை. அடுப்படியில் கை வேலையாக இருக்கும்போது வாசலில் பிள்ளை நின்றால் வீட்டிலுள்ள யாரிடமாவது சொல்வதைப் போலச் சொன்னாள். "எம்புட்டு நேரம் நிக்கும் பிள்ள? தொறடி."

பின்வரிசைகளில் தூக்கிப் பிடித்திருந்த போன்கள் ஒவ்வொன்றாக இறங்கின. கஸ்தூரி பாட்டை விட்டுவிட்டுக் கதவைத் திறந்தாள். ஆர்மோனியக்காரர் சமாளித்து அடுத்த இடத்துக்குப் போனார். உதயகுமார் உள்ளே வந்து மணையில் உட்கார்ந்தான். அவன் முகத்தில் பவுடர் வேர்வையில் கோடு கோடாக இறங்கியது. அவன் ஒரு முறை கூட முன்வரிசைப் பக்கம் பார்க்கவில்லை.

ராணி இலை போட்டாள். சோறு வைத்தாள். அவன் தொடவில்லை. ராணி அவன் காலைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள், தீபத்தை எடுத்து முகத்தருகே பிடித்தாள். பிள்ளைகள் நாடகத்தில் அந்த இடம் அவ்வளவு நன்றாக வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. திடலில் இருமல் சத்தம் கூட இல்லை. காசிராஜன் தன் மனைவியின் முழங்கையைப் பிடித்து உட்கார வைத்திருந்தார். அவள் உடம்பு நடுங்கவில்லை. இரும்பு மாதிரி இருந்தது.

அனுப்பி வைக்கும் பாட்டுக்கு ஆர்மோனியம் எடுத்துக்கொடுத்தது. கஸ்தூரி எழுந்து நின்று கையை உயர்த்தினாள்.

"அனுப்பாத தாயி" என்றாள் கனகலட்சுமி.

மெதுவாகத்தான் சொன்னாள். மேடை வரை கேட்டது. கஸ்தூரி வாயைத் திறந்து, மூடினாள். ஆர்மோனியம் மறுபடி அந்த இடத்துக்கு வந்தது. திரை மறைவிலிருந்து ஒரு பையன் பாட்டின் முதல் அடியை எடுத்துக் கொடுத்தான். எல்லோருக்கும் கேட்டது. கஸ்தூரி தலையை ஆட்டினாள். வெள்ளைச் சாயம் பூசிய தலையோடு முன்வரிசையைப் பார்த்துத் தேம்பித் தேம்பி அழ ஆரம்பித்தாள். மூன்றாவது தடவையும் ஆர்மோனியம் வந்து காத்து நின்றுவிட்டு ஓய்ந்தது.

உதயகுமார் மணையிலிருந்து எழுந்தான். யாரும் அனுப்பாமலே கதவைத் தாண்டி வெளியே போனான். சற்று நேரம் மேடை அப்படியே கிடந்தது. பிறகு யாரோ திரையை இழுத்தார்கள். ரேணுகாதேவி மேடம் மைக்கைப் பிடித்து நன்றி சொன்னார். நாட்டுப்பண் போட்டார்கள்.

கலைந்து போகும் கூட்டத்தில் வாட்ச்மேன் ஒருவர் இன்னொருவரிடம் சொல்லிக்கொண்டு போனது காசிராஜன் காதில் விழுந்தது. "பாடி அனுப்பாம திரைய இழுத்துட்டாகளே. அப்படிச் செய்யக்கூடாதுப்பா. வந்தது எங்கிட்டுப் போகும்?"

மாணவர்கள் வேஷம் கலைக்கும் வகுப்பறைக்குள் காசிராஜன் போனபோது அடிக்கிற கோபத்தில்தான் போனார். உதயகுமார் ஒரு பெஞ்சில் தேங்காயெண்ணெய் கிண்ணத்தை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தான். அவரைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

"உன்னய யாருலே அவன மாதிரி நடிக்கச் சொன்னது? காதைத் தடவுறதும் காலை ஒடிச்சு நிக்கிறதும். எங்கள வச்சு விளையாடுறியா?"

"நான் நடிக்கல மாமா." அவன் குரல் கரகரத்தது. "எனக்குப் பாடவே வராது. ஒத்திகையில அவனுக்கு அடி எடுத்துக் குடுக்கிறதுதான் என் வேலை. வேற ஆளு போட்டுப் பாத்தாக, சரியா வரல. பாட்டு பூராம் தெரிஞ்சது நான் மட்டுந்தான். பாடிக் காட்டுன்னாக. வாயைத் தொறந்தேன், இப்படி வந்துச்சு. இப்ப நிறுத்தவும் முடியல மாமா. வீட்ல பேசும்போதுகூட கை காதுக்குப் போகுது."

ஓங்கிய கையோடு காசிராஜன் நின்றார். கனகலட்சுமி அவரைத் தாண்டி வந்தாள். பையனின் தாடையைப் பிடித்து நிமிர்த்தி, பட்டுச்சேலை முந்தானையால் பவுடரைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க முகேஷ் போய் உதயகுமார் வந்தான். பாதியிலேயே துடைப்பதை நிறுத்திவிட்டாள்.

"ஞாயித்துக்கிழம வீட்டுக்கு வா" என்றாள். "சாப்பிட வா."

அவன் காசிராஜனைப் பார்த்தான். காசிராஜன் தரையைப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவன் வந்தான். வெள்ளாட்டுக் கறியும் முட்டையும் செய்திருந்தாள். இரும்புக் கேட்டைத் தள்ளிக்கொண்டு வழக்கம்போல் "அத்தே" என்று கூப்பிட்டபடி நுழைந்தவனை அவள் வாசலிலேயே நிறுத்தினாள்.

"அப்படி இல்ல. அங்கன நின்னு கூப்பிடு. அன்னைக்குக் கூப்பிட்ட மாதிரி."

அவன் உதட்டை நனைத்துக்கொண்டான். இடது கை மெல்லக் காதுக்குப் போனது. "அம்மா" என்றான்.

உள்ளே காசிராஜன் நாற்காலியிலிருந்து எழுந்தார். போதும் நிறுத்து என்று சொல்லத்தான் வாயெடுத்தார். ஆனால் மகனின் குரல் நடைக்குள் வந்து, கூடத்தைத் தாண்டி, அவன் படுக்கும் அறை வரை போவதை அவரும் கேட்டார்.

அதிலிருந்து எல்லா ஞாயிறும் வந்தான். கூப்பிடுவான், கதவு திறக்கும், உட்காருவான், சாப்பிடுவான். முகேஷின் சட்டையைக் கொடுத்தாள், போட்டுக்கொண்டான். முகேஷ் தலையை வாருவதுபோல் வாரச் சொன்னாள், வாரினான். கனகலட்சுமி தன் தலையில் பூ வைக்க ஆரம்பித்தாள். தெருவில் நின்று பேசினாள். கடைக்கு வருகிறவர்கள், "மதினி தேறிட்டாக அண்ணாச்சி, கடவுள் கண்ணத் தொறந்துட்டாரு" என்றார்கள். காசிராஜன் ஆமாம் என்றார். இரவில் அவள் தூக்கத்தில் சிரிப்பதைக் கேட்டுக்கொண்டு விழித்துக் கிடந்தார். அவரை அதைவிட அதிகமாகப் பயமுறுத்தியது வேறொன்று. ஞாயிறு நெருங்க நெருங்க அவருக்கும் கடையில் கை பரபரத்தது. சனிக்கிழமையே தராசை நிறுத்திவிட்டுக் கேட் பக்கம் காது கொடுக்க ஆரம்பித்தார்.

பையன் இளைத்துக்கொண்டே போனான். கன்னம் ஒட்டியது. அந்த வீட்டில் எவ்வளவு சாப்பிட்டாலும் ஒட்டவில்லை. ஒரு நாள் காசிராஜன், "ஏலே முகேசு, அந்தத் தண்ணிய எடு" என்று சொல்லிவிட்டார். அவனும் சட்டென்று எடுத்துக் கொடுத்தான். கொடுத்த பிறகுதான் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

சித்திரை வெயில் ஏறிய ஒரு ஞாயிறு. அவன் வாசலில் நின்று கூப்பிட்டான். கனகலட்சுமி கதவைத் திறந்தபோது அவனுக்குப் பின்னால், கேட்டுக்கு வெளியே, ஒரு பொம்பளை நின்றுகொண்டிருந்தாள். தலையில் சேலையைப் போட்டு, கையில் மஞ்சப்பையோடு. உதயகுமார் திரும்பிப் பார்த்து அதிர்ந்தான். அவனுடைய தாய் பேச்சி. அவன் வந்த பஸ்ஸிலேயே அவனுக்குத் தெரியாமல் ஏறி வந்திருந்தாள்.

"யாரைக் கூப்பிடுற நீ?" என்று கேட்டாள் மகனிடம்.

அவன் கை காதிலிருந்து இறங்கியது.

பேச்சி கேட்டைத் தாண்டி உள்ளே வரவில்லை. அங்கிருந்தே கையைக் கூப்பினாள். "அக்கா, நான் சண்டைக்கு வரல. உங்களுக்கு வந்தது எந்த எதிரிக்கும் வரக்கூடாது. ஆனா என் வீட்டுல என் பிள்ள சத்தம் இல்லக்கா. என்னய அவன் கூப்பிட்டு எத்தன மாசமாச்சு. அப்படியே கூப்பிட்டாலும் எனக்கு அடுத்த வீட்டுப் பிள்ள கூப்பிடுற மாதிரி இருக்கு. ஆளு நடமாடுறான், சாப்பிடுறான், ஆனா அவன் எங்கக்கா? அவன எனக்குக் குடுத்துருங்க."

வெயில் முற்றத்துச் சிமெண்டில் கொதித்தது. காசிராஜன் எழுந்து வந்து மனைவியின் பின்னால் நின்றார். அவள் சண்டைக்குப் போவாள், கதவைச் சாத்துவாள், என்ன செய்வாளோ என்று நினைத்தார். கனகலட்சுமி வெகுநேரம் பேச்சியின் காலையே பார்த்தாள். செருப்பில்லாமல் சூடான தார் ரோட்டில் ஒரு கால் மாற்றி ஒரு கால் வைத்துக்கொண்டிருந்த கால்.

"வெயில்ல நிக்காதீக. உள்ள வாங்க" என்றாள்.

கூடத்தில் நால்வரும் உட்கார்ந்தார்கள். கனகலட்சுமி பேச்சிக்கு மோர் கொடுத்தாள். பிறகு உதயகுமாருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"அன்னைக்குக் குவாரியில என்ன நடந்துச்சுன்னு சொல்லு."

"அத்தே..."

"உன் வாயால சொல்லு. நான் கேக்கல இதுவரைக்கும். இப்பக் கேக்குறேன்."

அவன் கை காதுக்குப் போனது. பேச்சி எட்டி அந்தக் கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள். அவன் பேச ஆரம்பித்தபோது குரல் கட்டையாக, மண்ணைக் கிளறுவது போல வந்தது.

"அவன்தான் போவோம்னான் அத்தே. குவாரியில பாடுனா பாறை திருப்பிப் பாடும், அங்க வச்சு ஒத்திகை பாப்போம்னான். நான் மேல உக்காந்துக்கிட்டேன். எனக்கு நீச்சல் தெரியாது. அவன் தண்ணிக்குள்ள நின்னு அந்தக் கதவு பாட்டப் பாடுனான். முங்குவான், எந்திரிச்சு ஒரு அடி பாடுவான், சிரிப்பான். மறுபடி முங்குவான். அப்படியே பாடிக்கிட்டு இருந்தவன் ஒரு தரம் முங்கிட்டு..."

நிறுத்தினான்.

"அடி மறந்துட்டான்னு நினைச்சேன் அத்தே. அந்த இடத்துல அவனுக்கு எப்பவும் மறக்கும். அதனால நான் எடுத்துக் குடுத்தேன். மேல உக்காந்து சத்தமா எடுத்துக் குடுத்தேன். வரல. விளையாடுறான்னு நினைச்சு இன்னொரு தரம் குடுத்தேன். பாறைதான் பாடுச்சு. நான் உக்காந்து பாடிக்கிட்டே இருந்தேன் மாமா. அவன் உள்ள கிடந்திருக்கான், நான் பாடிக்கிட்டு இருந்திருக்கேன்."

பேச்சி மகனின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். அவன் அழுத சத்தம் அசிங்கமாக, உடைந்து, ஆண்பிள்ளையின் கட்டைக்குரலில் வந்தது. அது முகேஷின் சத்தமாக இல்லை. அந்தக் கூடத்தில் இருந்த எல்லோருக்கும் அது தெரிந்தது.

"சிரிச்சானா?" என்று கேட்டாள் கனகலட்சுமி.

"ஆமா அத்தே. சிரிச்சுக்கிட்டுத்தான் இருந்தான்."

அவள் எழுந்து போய் மூன்று பேருக்கும் சோறு போட்டாள். பேச்சி பேருக்குச் சாப்பிட்டாள். கிளம்பும்போது உதயகுமார் முகேஷின் சட்டையைக் கழற்றப் போனான். "போட்டுக்க" என்றார் காசிராஜன். "சட்டை தான." தாயும் மகனும் ரோட்டைத் தாண்டி, பரளச்சி பஸ் நிற்கும் வேப்பமர நிழலில் போய் நிற்பதை அவர் கேட்டைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்.

உள்ளே திரும்பி வந்தபோது கனகலட்சுமி பாத்திரங்களுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். ஒன்பது மாதத்து அழுகை. சுவரில் தலையை இடித்துக்கொள்ளாமல் இருக்கக் காசிராஜன் தன் உள்ளங்கையை நடுவில் வைத்தார். சாயங்காலம் வரை அப்படியே இருந்தார்கள். கடையைத் திறக்கவில்லை.

உதயகுமார் பரீட்சை எழுதி முடித்துவிட்டு அருப்புக்கோட்டையிலேயே ஒரு நூற்பாலையில் சூப்பர்வைசர் வேலைக்குச் சேர்ந்தான். சம்பளம் வாங்கியதும் பேச்சியோடு இனிப்பு வாங்கிக்கொண்டு வந்தான். அவன் குரல் தடித்திருந்தது. பாடுகிறாயா என்று யாரும் கேட்கவில்லை. அவனும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. கொஞ்சம் சதை போட்டிருந்தான்.

பஸ் போகிற நேரத்தில் இப்போதெல்லாம் கனகலட்சுமி நிற்பதில்லை. அழுகிற நாளில் அழுகிறாள். காசிராஜன் மதியம் கடையைச் சாத்திவிட்டு வந்து அவளிடம் கேட்பார், அவன் காலையில் என்ன பாடுவான், எந்த இடத்தில் கம்மும் என்று. அவளுக்குப் பாட வராது. வார்த்தையாகச் சொல்லுவாள். அவர் கேட்டுக்கொண்டிருப்பார்.

ஒன்று மட்டும் அவர் அவளிடம் சொல்லவில்லை. ஐப்பசியில் முதல் மழை இறங்கிய ஒரு சாயங்காலம், கடை வாசலில் நனையும் மூட்டைகளை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தபோது, பின்பக்கம் கேட்டருகே யாரோ "அம்மா" என்றது கேட்டது. உதயகுமார் அந்நேரம் மில்லில் வேலையில் இருந்தான். அது அவருக்குத் தெரியும். மூட்டையை விட்டுவிட்டு வீட்டைத் தாண்டி ஓடிப் போய்க் கேட்டைத் திறந்தார். மழை மட்டும்தான் இருந்தது. உள்ளே கனகலட்சுமி குக்கர் சத்தத்தில் எதையும் கேட்டதாகத் தெரியவில்லை. அவர் தெப்பலாக நனைந்தபடி சற்று நேரம் நின்றார். பிறகு கேட்டைத் திறந்தே வைத்துவிட்டு உள்ளே போனார்.